தொகுதிப் பெயர்களும் தோட்டத்து மக்களும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் வாழ்த்துச் செய்திகளும் பரிசு பெற்றவர் பட்டியலும் நிறைந்திருப்பது வழக்கம். அவற்றின் நடுவே சிறு பாடம் ஒன்றையும் வைக்கலாமே என்று தோன்றியது. நான் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற சாதாரணப் பள்ளி ஆசிரியன். பெரிய ஆராய்ச்சியாளன் அல்லன். ஆனாலும் வகுப்பறையில் நாள்தோறும் சொல்லிக் கொடுக்கும் ஒரு பாடத்துக்குள் நம்ம பாட்டன் பூட்டன் வரலாறும் ஒளிந்து கிடக்கிறது. அதைத்தான் உங்கள் முன் எடுத்து வைக்கிறேன்.

ஆங்கிலப் பாடத்தில் தொகுதிப் பெயர் என்று ஒரு பட்டியல் வரும். ஆடுகள் கூடி நின்றால் 'எ ஃபிளாக் ஆஃப் ஷீப்'. மாடுகள் என்றால் 'எ ஹெர்ட் ஆஃப் கேட்டில்'. தேனீக்கள் 'எ ஸ்வார்ம் ஆஃப் பீஸ்'. சிங்கங்கள் 'எ பிரைட் ஆஃப் லயன்ஸ்'. மீன்கள் 'எ ஸ்கூல் ஆஃப் ஃபிஷ்'. பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். சோதனையில் இரண்டு புள்ளி கிடைத்தால் போதும் என்று அதோடு மறந்தும் விடுவார்கள். துடுக்கான பிள்ளை ஒன்றிரண்டு மட்டும், "மீனுக்கும் ஸ்கூல் உண்டா சார்?" என்று கேட்கும்.

நல்ல கேள்விதான். மீனுக்கு வரும் 'ஸ்கூல்' வேறு, பிள்ளைக்கு வரும் 'ஸ்கூல்' வேறு. முதலாவது டச்சு மொழியிலிருந்து வந்தது. கூட்டம் என்று பொருள். இரண்டாவது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ஓய்வு நேரம் என்பதே அதன் ஆதிப் பொருள். ஓய்வு உள்ளவனுக்குத்தான் படிப்பு என்று இருந்த காலத்துச் சொல் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

வேட்டைக்காடு தந்த பட்டியல்

இந்தத் தொகுதிப் பெயர்களை யார் வைத்தார்கள்? பள்ளிக்கூட வாத்தியார்கள் வைக்கவில்லை. இங்கிலாந்து நாட்டுப் பிரபுக்களின் வேட்டைக்காட்டில் வளர்ந்த சொற்கள் இவை. 1486ஆம் ஆண்டு செயிண்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் ஒரு நூல் அச்சானது. வல்லூறு வளர்ப்பு, வேட்டை, குலச்சின்னங்கள் ஆகியவற்றைச் சொல்லும் நூல் அது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண்மணியின் பெயரால் அது வழங்கி வருகிறது. அந்த நூலில் 160க்கும் மேற்பட்ட தொகுதிப் பெயர்கள் ஒரே பட்டியலாக இருக்கின்றன. நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் சிங்கக் கூட்டத்தின் பெயர் அதிலேயே இருக்கிறது. 'பிரைட்' என்றால் பெருமிதம். காக்கைக் கூட்டத்துக்கு 'மர்டர்', அதாவது கொலை என்று பெயர். நரிக் கூட்டத்துக்கு 'ஸ்கல்க்', அதாவது பதுங்கல். வானம்பாடிக் கூட்டத்துக்கு 'எக்சால்டேஷன்', அதாவது மேலெழும் மகிழ்ச்சி. இந்தப் பெயரையே தலைப்பாக வைத்து, இத்தகைய சொற்களைத் திரட்டி, ஜேம்ஸ் லிப்டன் என்ற அமெரிக்கர் 1968இல் ஒரு நூல் வெளியிட்டார்.

பிரபு வீட்டுப் பிள்ளை இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மான் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதை நரிக் கூட்டத்துக்குச் சொன்னால் அவன் பட்டிக்காட்டான் என்று சிரிப்பார்கள். ஆக, உயர்குடிக்காரன் யார், மற்றவன் யார் என்று பிரித்துக் காட்டும் அடையாளமாகவும் அந்தப் பட்டியல் பயன்பட்டது.

அந்தப் பட்டியல் மிருகங்களோடு நிற்கவில்லை. மனிதர்களுக்கும் தொகுதிப் பெயர் வைத்தது. நீதிபதிகள் கூடினால் 'எ சென்டன்ஸ் ஆஃப் ஜட்ஜஸ்', அதாவது ஒரு தீர்ப்பு நீதிபதிகள்! பையன்கள் கூடினால் 'எ ராஸ்கல் ஆஃப் பாய்ஸ்'. ராஸ்கல் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் கீழ்மக்கள் கும்பல் என்று பொருள். பாதி விளையாட்டு, பாதி ஏளனம். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர் வைக்கிறவன் எப்போதும் வெளியே நின்று பார்க்கிறவன். காக்கையை யாரும் கேட்டுவிட்டுக் கொலைப் பெயர் வைக்கவில்லை.

சீப்பும் கையும்

நம் தமிழுக்கு இந்தச் செல்வம் இல்லையா என்று கேட்காதீர்கள். நிறையவே இருக்கிறது. ஆட்டு மந்தை, யானைக் கூட்டம், எறும்புச் சாரை, சாவிக் கொத்து, விறகுக் கட்டு, வைக்கோற் போர், மலைத் தொடர், தீவுக் கூட்டம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பயிர் நிற்கும் இடத்துக்குக்கூட நம்மவர்கள் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். நெல்லுக்கு வயல், கம்புக்குக் கொல்லை, தென்னைக்குத் தோப்பு, பனைக்குக் காடு. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை எதற்கு எது பொருந்தும் என்று வகுத்தே சொல்கிறது. எந்த உயிருக்கு எந்தச் சொல் என்ற கவலை நம் முன்னோர்க்கும் இருந்தது.

மலாய் மொழியைப் பாருங்கள். அங்கே எண்ணிக்கையோடு ஒரு துணைச்சொல் சேரும். மனிதரை எண்ணும்போது 'ஓராங்' என்பார்கள். ஆள் என்று பொருள். மிருகத்தை எண்ணும்போது 'ஏக்கோர்' என்பார்கள். வால் என்று பொருள். வாழைப்பழத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சீப்புப் பழத்துக்கு மலாயில் 'செசிக்காட் பீசாங்'. சிக்காட் என்றாலும் தலை வாரும் சீப்புத்தான். தமிழனும் மலாய்க்காரனும் ஒரே பழத்தைப் பார்த்து ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயனோ அதையே 'எ ஹேண்ட் ஆஃப் பனானாஸ்' என்றான். அவன் கண்ணுக்கு அது ஒரு கையாகத் தெரிந்தது.

அதே 'ஹேண்ட்' என்ற சொல்லை அவன் இன்னொன்றுக்கும் வைத்திருந்தான். ஆலையில் வேலை செய்பவர்கள் 'மில் ஹேண்ட்ஸ்'. பண்ணையில் வேலை செய்பவர்கள் 'ஃபார்ம் ஹேண்ட்ஸ்'. ஆள் வேண்டாம், கை மட்டும் போதும்! சாப்பிட வாயும் யோசிக்கத் தலையும் உள்ள மனிதன் அந்தச் சொல்லில் எங்கே போனான்? எண்ணிப் பாருங்கள்.

உட்கார்ந்தவர் பெயரும் நடந்தவர் பெயரும்

பாடப் புத்தகத்தில் மனிதர் கூட்டத்துக்கு வரும் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கம்பெனி இயக்குநர்கள் கூடினால் 'எ போர்ட் ஆஃப் டைரக்டர்ஸ்'. போர்ட் என்றால் பலகை, பலகையாலான மேசை. நீதிபதிகள் கூடினால் 'எ பெஞ்ச் ஆஃப் மாஜிஸ்ட்ரேட்ஸ்'. பெஞ்சு என்றால் நாம் உட்காரும் அதே பெஞ்சுதான். அமைச்சர்கள் கூடினால் 'கேபினெட்'. அது ஆதியில் ஒரு சிறிய தனி அறை. ஆக, அதிகாரம் உள்ளவர்களுக்கு அவர்கள் உட்கார்ந்த மேசையும் நாற்காலியும் அறையுமே பெயராகிவிட்டன.

தொழிலாளிகள் கூடினால்? 'எ கேங் ஆஃப் லேபரர்ஸ்'. பழைய ஆங்கிலத்தில் 'கேங்' என்றால் நடை, போக்கு, பயணம். சேர்ந்து நடந்து போகிறவர்கள் என்ற பொருளில் அது பிறகு வேலையாட்கள் கூட்டத்துக்கு ஆகிவந்தது. முதலாளி உட்கார்ந்ததால் பெயர் பெற்றான். தொழிலாளி நடந்ததால் பெயர் பெற்றான். இதே 'கேங்' என்ற சொல்லைத்தான் திருடர்களுக்கும் பாடப் புத்தகம் கொடுக்கிறது. 'எ கேங் ஆஃப் தீவ்ஸ்' என்று பிள்ளைகள் அடுத்த வரியிலேயே படிக்கிறார்கள்.

பங்சாரில் நடந்தது

இந்தச் சொற்களெல்லாம் எங்கேயோ சீமையில் கிடந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். நாம் நடமாடுகிற இந்தப் பங்சார் மண்ணில் அவை வேலை செய்திருக்கின்றன. 1906ஆம் ஆண்டு லண்டனில் கோலாலம்பூர் ரப்பர் கம்பெனி என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. கோலாலம்பூரைச் சுற்றியிருந்த ஐந்து தோட்டங்கள் அதன் கையில் இருந்தன. அவற்றில் ஒன்று பங்சார் தோட்டம். பின்னாளில் இங்கே ரப்பர் தொழில் நடத்திய பூஞ்ச், கிரிசார் என்ற இருவர் பெயரும் ஒட்டித்தான் பங்சார் ஆயிற்று என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையானால் இரண்டு முதலாளிகளுக்கு ஒரு முழு ஊரே தொகுதிப் பெயராகிவிட்டது எனலாம். பால்மரம் வெட்டியவர்கள் பெயர் மட்டும் எந்தத் தெருவிலும் இல்லை.

'போர்ட்' லண்டனில் உட்கார்ந்தது. 'கேங்' இங்கே நடந்தது. விடியுமுன் தோட்டத்தில் பெரட்டு நடக்கும். துரையோ கிராணியோ செக்ரோல் புத்தகத்தைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். பெரட்டுக்கு ஆங்கிலத்தில் 'மஸ்டர்' என்று பெயர். அந்தச் சொல்லையும் மேலே சொன்ன 1486ஆம் ஆண்டுப் பட்டியலில் காணலாம். மயில்கள் கூடி நின்றால் 'எ மஸ்டர் ஆஃப் பீகாக்ஸ்'. எடுத்துக் காட்டுதல் என்பது அதன் வேர்ப்பொருள். மயில் தோகையைக் காட்டிற்று. நம்ம பாட்டனும் பாட்டியும் எதைக் காட்டினார்கள்? இருட்டில், வாளியும் உளியுமாக, "இன்னிக்கும் உயிரோடதான் இருக்கோம் ஐயா" என்று தலையைக் காட்டினார்கள்.

தலை என்றதும் கங்காணி நினைவுக்கு வருகிறார். கண்காணி என்பதே கங்காணி ஆயிற்று. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்ட பிறகு, கங்காணி முறையே பெருவழக்காக இருந்தது. கங்காணி ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தங்களையும் அண்டை அயலாரையும் திரட்டிக்கொண்டு வருவார். அவர் திரட்டிய கூட்டம் தோட்டத்தில் அவருடைய 'கேங்'. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆங்கிலத்தில் மாட்டை எண்ணும்போது 'டென் ஹெட் ஆஃப் கேட்டில்' என்பார்கள். பத்துத் தலை மாடு. மாட்டுக்கும் தலைக்கணக்கு, மனிதனுக்கும் தலைக்கணக்கு. இந்திய அரசு 1938இல் தடை போட்டதற்குப் பிறகே, உதவிப் பணத்தில் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவது நின்றது.

அந்தக் காலத்தில் நமக்கு வைத்த பெயரையும் பாருங்கள். 'கூலி'. தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலேயன் வாயில் அது ஆளுக்கே பெயராயிற்று. குஜராத்துப் பக்கத்துக் கோலி மக்களின் பெயரிலிருந்து அது வந்தது என்று கூறுவோரும் உண்டு. எப்படியாயினும் தமிழன் காதில் அது சம்பளத்தின் பெயரே. வாங்குகிற காசே வாங்குகிறவனுக்குப் பெயரானால் அவனுக்கென்று என்ன மிச்சம்? குடியிருந்த வீடுகளுக்கும் அதே கதிதான். வரிசை வீடுகளை வெள்ளைக்காரன் 'லைன்' என்றான். நம்மவர் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆயிற்று. இசைக்குரிய நல்ல சொல் ஒன்றின் உருவம் அந்த ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் நம் மக்கள் வந்த பெயர்களை மட்டும் சுமந்துகொண்டு திரியவில்லை. தாங்களும் பெயர் வைத்தார்கள். ரப்பருக்குக் கித்தா, மரத்துக்குப் பால்மரம். மர வரிசைக்கு நிரை; பேச்சிலே நெர. பழந்தமிழில் நிரை என்பது பசுக்கூட்டம். ஆநிரை கவர்ந்த வீரரையும் மீட்ட வீரரையும் நம் இலக்கியம் பாடுகிறது. அந்தச் சொல் கடல் கடந்து வந்து பால்மரத்தின் அடியில் நின்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்டவர்கள் காப்பாற்றி வைத்த சொல் அது.

இலக்கணம் சொல்லும் நியாயம்

இப்போது மாணவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருங்கள். இலக்கணம் வருகிறது; பயப்பட வேண்டாம்.

'மக்கள் வந்தார்கள்' என்கிறோம். 'மக்கள் கூட்டம் வந்தது' என்றும் சொல்கிறோம். அதே மக்கள்தானே? முதல் வாக்கியத்தில் உயர்திணை, இரண்டாவதில் அஃறிணை. கூட்டம் என்ற சொல் வந்தவுடன் 'வந்தார்கள்' போய் 'வந்தது' ஆகிவிட்டது. பேச்சிலும் "கூட்டம் வந்துச்சு" என்றுதான் சொல்கிறோம். மாடும் வந்துச்சு, கூட்டமும் வந்துச்சு!

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. விருந்து, அரசு, குழவி என்று அந்த வரிசை போகும். அதில் 'குழு' என்ற சொல் உண்டு. 'அடிமை' என்ற சொல்லும் உண்டு. இரண்டும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். இலக்கண ஆசிரியர் மொழியின் இயல்பைச் சொன்னார். அவர்மேல் குறை இல்லை. ஆனால் தோட்டத்து வரலாற்றைப் படித்தவனுக்கு அந்த வரிசை வேறொன்றையும் சொல்கிறது. மனிதர்களைக் கூட்டமாக மட்டும் பார்த்தால் அவர்கள் பொருளாகத் தெரிவார்கள். 'நானூறு ஆள் இருக்கு' என்று கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு நானூறு முகம் தெரியாது.

நோய்க்கு மருந்தும் அதே இலக்கணத்தில் இருக்கிறது. குழு வந்தது என்பதைக் 'குழுவினர் வந்தனர்' என்று மாற்றுங்கள். கூட்டம் பேசியது என்பதைக் 'கூட்டத்தார் பேசினார்கள்' என்று மாற்றுங்கள். ஊர் சிரித்தது என்பது 'ஊரார் சிரித்தார்கள்' ஆகும். 'இனர்', 'ஆர்' என்று ஒரு சின்ன விகுதிதான். அது சேர்ந்தவுடன் அஃறிணை உயர்திணை ஆகிறது. போன மரியாதை திரும்பி வருகிறது.

விகுதியை எழுத்தில் சேர்ப்பது எளிது. வாழ்க்கையில் சேர்ப்பதற்கு நம் முன்னோர் கொடுத்த விலை பெரிது. அதைக் கிள்ளானில் பார்ப்போம்.

கிள்ளான், 1941

1941ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் அவர்களின் முன்னணியில் நின்றார். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் என்ற அமைப்பு அவர்களைத் திரட்டியது.

அவர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். நல்ல மருத்துவ வசதி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் யாரும் தகாத முறையில் நடக்கக் கூடாது என்றார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்றார்கள். சங்கம் அமைக்க உரிமை கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். துரைக்கோ தோட்டத்து அதிகாரிக்கோ எதிரில் வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டும் என்றார்கள்.

சைக்கிள் கோரிக்கை இன்றைய பிள்ளைகளுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 'கேங்' என்ற சொல்லின் பொருளோடு சேர்த்துப் பாருங்கள். நடையால் பெயர் பெற்றவன் நடந்துதான் ஆகவேண்டும் என்று ஓர் எழுதாச் சட்டம் இருந்திருக்கிறது. தன் காசில் வாங்கிய சைக்கிளில்கூட அவன் உட்கார்ந்து போகக் கூடாது! உட்காரும் உரிமை மேசை போட்டவனுக்கு மட்டும். அந்தச் சட்டத்தைத்தான் நம்மவர்கள் உடைக்கப் பார்த்தார்கள். கூலி உயர்வு கேட்டது வயிற்றுக்காக. சைக்கிளில் உட்காரக் கேட்டது மானத்துக்காக.

மே மாதம் 6ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரித் தொழிலாளர்கள் கிள்ளானில் திரண்டார்கள். வேலை நிறுத்தம் மற்ற இடங்களுக்கும் பரவியது. இராணுவம் வரவழைக்கப்பட்டது. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள்.

போராட்டம் அடக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த மாதங்களில் ஒரு சொல் மாறிவிட்டது. அதற்கு முன் அவர்களுக்கு வழங்கிய தொகுதிப் பெயர்களை எல்லாம் பிறர் வைத்தார்கள். 'கேங்', 'கூலி', 'லேபர் ஃபோர்ஸ்' எதுவும் அவர்களைக் கேட்டு வைத்ததல்ல. 'சங்கம்' என்பது அவர்களே தேடி எடுத்துக்கொண்ட முதல் தொகுதிப் பெயர். போர் முடிந்த பிறகு பல தொழிலாளர் சங்கங்கள் எழுந்தன. 1954இல் பல தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் இருந்தார். தோட்டத்து மக்கள் அதை 'யூனியன்' என்று வாய் நிறையச் சொன்னார்கள். யூனியன் என்ற சொல்லின் இலத்தீன் வேருக்கு 'ஒன்று' என்று பொருள். பல தலைகள் ஒன்றாதல். சங்கத்தைப் பற்றிக் குறை நிறை ஆயிரம் பேசலாம். ஆனால் பெரட்டில் தலை எண்ணப்பட்டவர்கள், சங்கக் கூட்டத்தில் கை தூக்கி வாக்களித்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அங்கே அவர்கள் 'இருக்கு' அல்ல, 'இருக்கிறார்கள்'.

பத்துப் பிள்ளைகள் ஒரு பள்ளி

கிள்ளான் கோரிக்கைகளில் கல்வியும் இருந்தது என்றேன். அதற்கு முன்பே ஒரு சட்டம் இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும். பத்துப் பேர்! ஒன்பது பேர் இருந்தால் அது வெறும் பிள்ளைகள். பத்தாவது பிள்ளை வந்து நின்றால் அது ஒரு பள்ளி. நடைமுறையில் அந்தப் பள்ளி பல தோட்டங்களில் ஒரு கொட்டகையாக, ஒரே ஆசிரியரோடு நடந்தது. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருந்ததும் உண்டு.

ஆரம்பத்தில் சொன்னேனே, பள்ளி என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஓய்வு என்று பொருள் என்று. நம் மக்களுக்கு ஓய்வு இருந்ததா? காலையில் பால்வெட்டு, பிற்பகலில் புல்வெட்டு. ஓய்வு இல்லாதவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஓய்வை வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நடந்து நடந்து தேய்ந்தவர்கள், தங்கள் பிள்ளையாவது பெஞ்சில் உட்காரட்டும் என்று நினைத்தார்கள். நம் தமிழ்ப் பள்ளியின் பெஞ்சுக்கு அப்படி ஒரு விலை இருக்கிறது. அதில் பேனாக் கத்தியால் பெயர் செதுக்கும் பிள்ளைகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

1960களின் பிற்பகுதியிலிருந்து பங்சார் தோட்டம் வீடுகளாக மாறிற்று. பால்மரம் நின்ற மேட்டில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பல இடங்களில் நம் குடும்பங்கள் சிதறிப் போயின. லயம் போயிற்று, லயத்தோடு 'நம்ம தோட்டத்தாளுங்க' என்ற தொகுதிப் பெயரும் போயிற்று. ஒரு தோட்டத்தார், ஒரு கோயில் பற்றார், ஒரு பள்ளிப் பிள்ளைகள் என்று இருந்தவர்கள் இன்று அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வாழ்கிறார்கள். பள்ளி ஒன்றுதான் இன்னும் பழைய கூட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரே கூரையின் கீழ் கூட்டி வைக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு என்ன பெயர்?

பெற்றோர்களே, இதை உங்களிடம் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

கூட்டம் இல்லாமல் மனிதப் பிள்ளை வளராது. சேர்ந்து திரிய அதற்கு நாலு பேர் வேண்டும். நாம் ஒரு நல்ல தொகுதிப் பெயரைக் கொடுக்காவிட்டால் தெருவில் யாராவது கெட்ட தொகுதிப் பெயரைக் கொடுப்பார்கள். நம் பையன்களில் சிலர் 'நான் அந்தக் கேங்' என்று மார் தட்டிக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பையனுக்கு அந்தச் சொல்லின் கதை தெரியாது. தன் பாட்டனை நடக்க வைத்து, தலை எண்ணி, கூலி என்று எழுதி வைத்த அதே சொல்லை அவன் பதக்கம் மாதிரி அணிந்துகொள்கிறான். பாட்டன் உயிரைக் கொடுத்து உதறிய சொல்லைப் பேரன் காசு கொடுத்து வாங்குவதா?

அவனைத் திட்டிப் பயன் இல்லை. அவனுக்கு வேறு பெயர் கொடுங்கள். காற்பந்துக் குழுவினர், சாரணர் படையினர், தேவாரக் குழுவினர், நூல்நிலைய உதவியாளர், தமிழ்க் கழகத்தார், பழைய மாணவர் சங்கத்தார். எத்தனை பெயர் இருக்கிறது! எல்லாவற்றிலும் அந்தச் சின்ன விகுதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'இனர்' உண்டா? 'ஆர்' உண்டா? அதாவது அங்கே உங்கள் பிள்ளை தலையாக எண்ணப்படுகிறானா, ஆளாக மதிக்கப்படுகிறானா?

மாணவச் செல்வங்களே! ஆங்கிலத் தொகுதிப் பெயர்களை நன்றாகப் படியுங்கள். சிங்கத்துக்குப் 'பிரைட்' என்றும் மயிலுக்கு 'மஸ்டர்' என்றும் பிழையில்லாமல் எழுதுங்கள். அந்த இரண்டு புள்ளியையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் மனிதர்களுக்கு ஒரு தொகுதிப் பெயர் வரும்போது மட்டும் ஒரு நொடி நின்று, "இந்தப் பேரை யார் வச்சாங்க?" என்று கேளுங்கள். உங்களைப் பற்றி எழுதும்போது நீங்களே எழுதுங்கள்.

உழைப்பாளிப் பெருமக்களே! உங்களைக் 'கை' என்றும் 'தலை' என்றும் எண்ணியவர்கள் போய்விட்டார்கள். உங்கள் பிள்ளைகள் இன்று பரிசு வாங்க மேடை ஏறும்போது, கீழே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கை தட்டுங்கள். அந்த நாற்காலியில் உட்கார உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வாழ்க தமிழ்ப் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!